கயிற்றில் வந்த பள்ளி

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் தெற்குச் சுவர் நேராக வந்து, கிழக்கு மூலையை எட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே வளைந்துவிடும். பாண் ரொட்டித் துண்டின் மூலையை யாரோ கடித்து எடுத்த மாதிரி இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நாங்கள் சிரித்ததில்லை. அந்த வளைவுக்கு வெளியே மிச்சமாக நின்ற மண்ணில்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் நோன்பு மாதத்தில் நின்று தொழுதார்கள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தெரியாது. அப்போது சுற்றுவட்டத்தில் பெண்கள் பள்ளிப் பக்கம் தலைகாட்டுகிற வழக்கமே இல்லை. எங்களுக்கு மட்டும் அந்த மூலை இருந்தது. இரண்டு பக்கமும் தென்னோலை பின்னின கிடுகால் அடைத்து, மேலேயும் கிடுகு வேய்ந்திருப்போம். கீழே வெள்ளை மணல், அதன்மேல் பாய். வளைந்த சுவரிலே ஒரு கல் யன்னல் இருந்தது. ஒற்றைக் கல்லில் பூப் பூவாகத் துளை வெட்டியது. அந்தத் துளைகளால் ஓதுகிற சத்தம் வரும், ஆண்களின் முதுகுகள் தெரியும், உள்ளே எரிகிற எண்ணெய் விளக்கின் வாசம் வரும். பக்கத்து எத்தாளையிலிருந்து எங்கள் ஊருக்கு மருமகளாக வந்த ஒருத்தி முதல் நோன்பில் அங்கே நின்றுவிட்டு, தொழுகை முடிந்த பிறகும் எழும்பாமல் இருந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

என் வாப்பா அந்தப் பள்ளியின் மரைக்கார். பள்ளியின் காரியங்களைப் பார்ப்பவரை எங்கள் பக்கத்தில் மரைக்கார் என்றுதான் சொல்வோம். அவருடைய வாப்பாவும் மரைக்கார். அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு, மறைக்கமாட்டேன். எனக்கு எழுத்துப் பெரிதாக வராது. ஓதப் பழகின அரபெழுத்துத்தான் முதலில் வந்தது, தமிழை அதற்குப் பிறகு கூட்டிக் கூட்டி எழுதிப் பழகினேன். ஆனால் கண்ணால் பார்த்ததை நான் மறக்கமாட்டேன்.

பள்ளியின் உள்மண்டபம் முழுக்கக் கருங்கல். தூண்கள் அடியில் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை, மேலே மறுபடி சதுரம். அந்தச் சதுரத்தின் நான்கு முகத்திலும் தாமரை மாதிரி ஒரு பூ. உச்சியில் உத்தரக் கல்லைத் தாங்குகிற இடத்தில் வாழைப்பூ தொங்குகிற மாதிரிக் கல் நீட்டிக்கொண்டு நிற்கும். கூரையும் கல்தான், பலகை பலகையாக அடுக்கியது. மேலே குமிழ் மாதிரிக் குப்பாவும் இல்லை, உயர்ந்த மினாராவும் இல்லை. தண்ணீர் எடுக்க வருகிற வேதக்காரச் சம்மாட்டிகள், கழுத்தில் சிலுவை போட்ட தோணி முதலாளிமார், வாசலில் நின்று எட்டிப் பார்த்து, இது கோயில் மண்டபம் மாதிரியல்லவா இருக்கிறது என்பார்கள். வாப்பாவுக்குக் கோபமே வராது. "கல்லுக் கொத்தின கை ஒரே கைதான். உருவம் மட்டும் வேணாம் எண்டு சொல்லியிருப்பாங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். உருவம் ஒன்றுகூடக் கிடையாது. பூவும் கொடியும் மட்டும்தான்.

எங்கள் மணல் தரையில் கருங்கல் ஏது? தோண்டினால் மணல், இன்னும் தோண்டினால் கடல் பவளம் இறுகின முருகைக்கல். அந்தத் தூண்கள் இந்தியக் கரையிலிருந்து தோணியின் அடித்தட்டில் கிடந்து வந்தவை. அந்தக் கரையை நாங்கள் அக்கரை என்போம். எங்கள் மூத்தவர்கள் அங்கேயிருந்து சங்குக்கும் கருவாட்டுக்கும் வந்து தங்கிப்போனவர்கள். தங்கிய பிறகு, அக்கரையில் தாங்கள் தொழுத பழைய பள்ளியைப் போலவே இங்கேயும் ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டார்களாம். ஆள் அனுப்பி, அந்தப் பள்ளியைத் தும்புக் கயிற்றால் நீளம் அகலமெல்லாம் அளந்து, முடிச்சுப் போட்டு, அந்தக் கயிற்றைக் கொண்டுவந்தார்களாம். கட்டினவன் அக்கரைப் பள்ளியைக் கண்ணால் கண்டதில்லை. கயிறு சொன்னபடி கட்டினான். வந்த கருங்கல் உள்மண்டபத்துக்குத்தான் போதுமாக இருந்தது, வெளிமண்டபத்துக்குக் காணவில்லை. அதை முருகைக்கல்லால் கட்டிச் சிப்பிச் சுண்ணாம்பு பூசினார்கள்.

இந்தக் கதை உண்மை என்பதற்கு ஊரிலே எல்லாரும் காட்டுகிற அத்தாட்சி ஒன்று உண்டு. பள்ளியின் வடக்கே அழகான கற்படிகள் இறங்கும். இறங்கி எங்கே போகும் என்றால், எங்கேயும் போகாது. மணலுக்குள் போய் நின்றுவிடும். அக்கரைப் பள்ளியில் அந்த இடத்தில் குளம் இருக்கிறதாம். எங்களுக்குக் குளம் இல்லை, படிக்கட்டு மட்டும் வந்துவிட்டது. பிள்ளைகள் நாங்கள் அதில் ஏறி இறங்கி விளையாடுவோம். ஒருவரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

தெற்குச் சுவரின் வளைவுக்கு மட்டும் காரணம் ஒருவருக்கும் தெரியாது. அக்கரையிலும் அப்படித்தான் வளைந்திருக்கிறது என்று மட்டும் சொல்வார்கள்.

இரண்டாம் யுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முந்தி, வெள்ளைக்காரன் காலத்தில்தான் இது நடந்தது. வெளிமண்டபத்துக் கூரை பழுதாகிவிட்டது. பனை மரமும் ஓலையும் போட்ட கூரை, மாரி மழைக்கு உள்ளே குடை பிடிக்க வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் பெண் எடுத்த ஒருவர் கொழும்பில் கடை வைத்திருந்தார். அவரை ஊரில் கொழும்பு மருமகன் என்றே கூப்பிடுவார்கள். நல்ல மனிசன், யாரையும் தாழ்த்திப் பேசாதவர். தானே செலவை ஏற்று ஓட்டுக்கூரை போட்டுத் தருகிறேன் என்று முன்வந்தார். கூடவே ஒரு மேசன்பாஸையும் கூட்டி வந்தார். மேசன்பாஸ் சுவர் நெடுக நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த மூலையை நேராக்கினால்தான் கூரை ஒழுங்காக உட்காரும் என்றார். கொழும்பு மருமகனுக்கும் அது நல்லதாகப் பட்டது. மூலை நேரானால் உள்ளே இன்னும் கொஞ்சம் பேர் தொழலாம். அவர் சொன்னதில் பிழையில்லை. சனம் கூடிக்கொண்டு வந்த காலம்.

அப்படியென்றால் பெண்கள் நிற்கிற இடம்? அதைப் பற்றி ஆண்கள் பேசவே இல்லை. வேண்டுமென்று விட்டதில்லை, அவர்களுக்கு நினைவு வரவில்லை.

வயதானவர்கள் வேறு காரணம் சொல்லி மறித்தார்கள். மூத்தவர்கள் வளைத்துக் கட்டினதில் ஒரு தாத்பரியம் இருக்கும், தெரியாமல் கை வைக்கக் கூடாது என்றார்கள். கடைசியில், மரைக்கார் அக்கரைக்குக் கலியாணத்துக்குப் போகிறார்தானே, அங்கே விசாரித்துக்கொண்டு வரட்டும் என்று முடிவானது. காரணம் இருந்தால் சுவர் நிற்கும். இல்லாவிட்டால் நேராகும்.

கலியாணம் என்றது என் உம்மாவின் தாத்தாவுடைய மகளுக்கு. நாங்கள் தாத்தா என்பது மூத்த சகோதரியை. அந்தப் பெரியும்மாவை அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தது. உம்மா அதுவரை தோணி ஏறினதில்லை. போகிறதுக்கு முதல் நாள் உம்மா தும்புக் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார். வளைந்த சுவரை நுனியிலிருந்து நுனி வரை அளந்து, வளைவு தொடங்குகிற இடத்தில் ஒரு முடிச்சு, யன்னலுக்கு ஒரு முடிச்சு, முடிகிற இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். அதைக் கொண்டுபோய் வாப்பாவின் கையில் கொடுத்தார்.

"என்னத்துக்கு புள்ள இது?" என்று வாப்பா கேட்டார்.

"அங்க வச்சுப் பாருங்க. நம்மட சுவர்தானா எண்டு தெரியவேணும்தானே," என்றார் உம்மா. அவருடைய முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கியது. உம்மாவுக்கு அந்தச் சுவர் நிற்கவேண்டும். அதற்கு ஒரு காரணம் அக்கரையில் கிடைக்கவேண்டும்.

கற்பிட்டியில் தோணி ஏறினோம். உம்மா கரை தெரிகிற வரைக்கும் தலை நிமிர்த்தவில்லை. நான் நன்றாக இருந்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெரியும்மாவின் வீடு பள்ளியின் தெற்குப் பக்கத்தோடு ஒட்டினாற்போல் இருந்தது. அக்கரையில் பெண்கள் பள்ளிக்குள் போவதில்லை. நான் அப்போது வயதுக்கு வரவில்லை. வாப்பா என் தலையில் முக்காட்டைப் போட்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். எங்கள் ஊர்ப் பெண்களில் அந்தப் பழைய பள்ளிக்குள் நின்று பார்த்தவள் நான் ஒருத்திதான்.

உள்ளே காலை வைத்ததும் எனக்கு ஒரு மாதிரியாகப் போனது. எங்கள் பள்ளிக்குள்ளேயே திரும்பி வந்த மாதிரி. அதே தூண், அதே பூ, அதே வாழைப்பூ. எங்கள் ஊர்த் தூணை நான் கட்டிப் பிடித்தால் என் இரண்டு கை விரல்களும் மற்றப் பக்கத்தில் தொட்டும் தொடாமலும் நிற்கும். அங்கேயும் ஒரு தூணைக் கட்டிப் பார்த்தேன். தொட்டும் தொடாமலும்தான் நின்றது. ஆனால் இது மூத்தது என்பது தெரிந்தது. ஆள் உயரம் வரைக்கும் தூண்கள் கை பட்டுப் பட்டுக் கறுத்து, எண்ணெய் தடவினாற்போல் மினுங்கின. தரைக் கல் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. வெளிமண்டபமும் கருங்கல்லே. உத்தரத்தில் பழைய எழுத்து இருந்தது, அங்கே இருந்தவர்களுக்கும் அதை வாசிக்கத் தெரியாது. பாண்டிய ராசா காலத்தில் குதிரை கொண்டுவந்த அரபிகள் கட்டினது, பறங்கி வருவதற்கு எவ்வளவோ முந்தியது என்று அந்தப் பள்ளி லெப்பை சொன்னார். லெப்பை என்றால் தொழுவிக்கிறவர்.

வடக்கே போனோம். படிகள் இறங்கின. இறங்கிப் பச்சைத் தண்ணீர் நிறைந்த ஒரு குளத்துக்குள் போயின. கால் கழுவிக்கொண்டு சிலர் இருந்தார்கள். வாப்பா அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். லெப்பை என்னவென்று கேட்டார். எங்கள் ஊரில் இந்தப் படிகள் மணலுக்குள் இறங்குகிற கதையை வாப்பா சொன்னதும் அவரும் சிரித்தார். கால் கழுவிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். அதில் ஒருவர், குளத்தையும் கயிற்றில் முடிந்து கொண்டுபோயிருக்கலாமே என்றார்.

அதற்குப் பிறகு தெற்குச் சுவருக்குப் போனோம். வாப்பா மடியிலிருந்து உம்மாவின் கயிற்றை எடுத்தார். ஒரு நுனியை நான் பிடித்தேன். முதல் முடிச்சு வளைவு தொடங்குகிற இடத்தில் போய் நின்றது. இரண்டாவது முடிச்சு கல் யன்னலில். மூன்றாவது சுவர் முடிகிற இடத்தில். ஒரு விரல்கூடப் பிசகவில்லை. வாப்பா பெருமூச்சு விட்டார். பிறகு அந்த யன்னலால் குனிந்து வெளியே பார்த்தார். நானும் பார்த்தேன்.

வெளியே, எங்கள் பெண்கள் நிற்கிற அந்த இடத்தில், ஒரு கபுறு, யாரையோ அடக்கின குழி, இருந்தது. தலைமாட்டில் ஒரு சாதாரணக் கல். மேலே துணியும் இல்லை, விளக்கும் இல்லை. சுவர் அந்தக் கபுறைச் சுற்றிக்கொண்டு வளைந்து போனது.

யார் என்று வாப்பா கேட்டார். பள்ளி கட்டுவதற்கு முன்னமே மௌத்தான ஒருவர் என்றார் லெப்பை. கடலால் வந்தவராம். அவர் அங்கே கிடந்ததால் கட்டினவர்கள் சுவரை ஒதுக்கிக்கொண்டார்கள். வலிமாரில், இறைநேசர்களில், ஒருவரோ என்று வாப்பா விட்டு விட்டுக் கேட்டார். லெப்பை, அதெல்லாம் தெரியாது, மௌத்தான ஒரு மனிசர், அவ்வளவுதான் என்றார்.

வீட்டுக்கு வந்தபோது உம்மா பெரியும்மாவின் மொட்டை மாடியில் நின்றார். அங்கேயிருந்து அந்தக் கபுறு உள்ளங்கையில் வைத்தாற்போல் தெரிந்தது. வாப்பா சொல்வதற்கு முன்னமே உம்மா பார்த்துவிட்டார். கயிற்றை வாங்கிச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். காரணம் கிடைத்தது. ஆனால் அது அந்த ஊரின் காரணம். எங்கள் மூலையில் கபுறு இல்லை, மணல்தான்.

காற்று மாறும்வரை அங்கே இருந்துவிட்டுத் திரும்பினோம். தோணிக்காரர்கள் வாய் சும்மா இருக்குமா? நாங்கள் சாமான்களை இறக்கி, மாட்டு வண்டி பிடித்து வீட்டுக்கு வருவதற்குள் கதை எங்களுக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. போகிற வழியில் அது வளர்ந்தும்விட்டது. அக்கரைப் பள்ளி மூலையில் ஒரு பெரிய வலியுல்லாஹ் அடங்கியிருக்கிறாராம், அப்படியென்றால் நம்மட மூலையிலும் ஒருவர் இருக்கத்தானே வேண்டும், இத்தனை காலம் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று. அடுத்த நாள் காலையில் பார்த்தால் பெண்கள் மூலையில் யாரோ பச்சைத் துணி கட்டி, ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள்.

பெண்கள் சந்தோசமாக வந்தார்கள். எங்கள் முற்றத்தில் பாயைப் போட்டு இருந்துகொண்டு, இனி அந்தச் சுவரில் ஒருவனும் கை வைக்கமாட்டான் என்றார்கள். மரைக்கார் பொய் சொல்ல வேண்டியதில்லை, கேட்டால் சும்மா இருந்தால் போதும் என்றார்கள். கொழும்பு மருமகனின் மாமியாரும் வந்திருந்தார். அவருக்கு வாய் கொஞ்சம் பெரிது. "என்ட மருமகன் கபுறு எண்டா அந்தப் பக்கமே போகமாட்டான், பயந்தாங்கொள்ளி," என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார்.

உம்மா சிரிக்கவில்லை. வெற்றிலைத் தட்டத்தை நகர்த்தி வைத்துவிட்டு மெல்லக் கேட்டார்:

"கபுறு இருக்கு எண்டா, அதுக்கு மேல நிண்டு நாம எப்பிடித் தொழுறது?"

உம்மாவே தொடர்ந்து சொன்னார்:

"இல்ல எண்டா சுவரை நேராக்குவாங்க. இருக்கு எண்டா நம்மள எழுப்பி உட்டுட்டு அங்க விளக்கு வைப்பாங்க. ரெண்டுலயும் போறது நம்மட இடம்தானே."

அதைச் சொல்லிவிட்டு உம்மா எழுந்து போய், பச்சைத் துணியை அவிழ்த்து, மடித்து, கட்டினவளின் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். யார் கட்டினது என்று உம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

அன்றைக்குப் பின்னேரம் உம்மாவும் வாப்பாவும் கிணற்றடியில் நின்று வெகுநேரம் கதைத்தார்கள். நான் வாளியை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வாப்பா, பார்த்ததைப் பார்த்தபடிதான் சொல்வேன், பள்ளிக்குள் நின்று வேறு மாதிரிச் சொல்ல ஏலாது என்றார். உம்மா, நானும் அதைத்தான் சொல்கிறேன், முழுசாகச் சொல்லுங்கள் என்றார். அங்கே என்ன இருக்கிறது என்று மட்டும் சொன்னால் அது பாதி. இங்கே என்ன இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். வாப்பா, அதை நான் சொன்னால் மரைக்கார் பெண்சாதி சொல்லிக் கொடுத்ததைக் கதைக்கிறார் என்பார்களே என்றார். உம்மா சிரித்துவிட்டு, உண்மைதானே என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆண்கள் கலையாமல் இருந்தார்கள். நோன்பு மாதம் இல்லை. ஆனாலும் பெண்கள் நாங்கள் போய் எங்கள் மூலையில் நின்றோம். கிடுகுக்குப் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு, கல் யன்னலில் காதை வைத்து. எங்கள் இடத்தைப் பற்றிய கதையை எங்கள் இடத்தில் நின்றே கேட்டோம்.

வாப்பா பயணத்தை நிதானமாகச் சொன்னார். தூண்கள், படி, குளம், கயிறு முடிச்சுக்கு முடிச்சுச் சரியாக வந்தது, எல்லாம் சொன்னார். பிறகு கபுறைச் சொன்னார். உள்ளே ஒரு முணுமுணுப்பு எழும்பியது. வாப்பா கையை உயர்த்தியிருக்க வேண்டும், சத்தம் அடங்கியது.

"இஞ்ச கபுறு இல்ல. நம்மட மூத்தாக்கள் கயித்தைத்தான் கொண்டு வந்தாங்க, காரணத்தைக் கொண்டு வரல்ல. மேசன்பாஸ் சொன்னது சரி. இது பிழையாக் கட்டின சுவர்தான்."

எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் என் தோளை இறுக்கிப் பிடித்தாள். நகம் பட்டது.

"ஆனா அந்தப் பிழைக்குள்ள நம்மட பொம்புளயள் இத்தனை காலம் தொழுதிருக்காங்க. அக்கரையில மௌத்தான ஒருத்தருக்குச் சுவரை ஒதுக்கி இடம் உட்டாங்க. உசிரோட இருக்கிறவங்களுக்கு நாம இடம் உடமாட்டமா எண்டு என்ட ஊட்டுல கேக்குறாங்க. எனக்கு மறுமொழி தெரியல்ல. உங்கள்ல ஆருக்காவது தெரிஞ்சாச் சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்துக் கொழும்பு மருமகனின் மாமியார் இருமினார். சும்மா வந்த இருமல் இல்லை அது. யன்னலுக்கு அந்தப் பக்கம் ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கொழும்பு மருமகனுக்கு அந்த இருமல் யாருடையது என்று தெரியாமல் இருக்குமா? அவர் தலையைக் குனிந்துகொண்டார், சிரிக்கிறாரோ வெட்கப்படுகிறாரோ தெரியவில்லை.

அவர்தான் முதலில் பேசினார். "மாமா, நான் இதை நினைச்சும் பாக்கல்ல," என்றார். அவ்வளவு நேராக ஒரு ஆண்பிள்ளை சபையில் சொல்வதை நான் அதற்குப் பிறகு அதிகம் கேட்டதில்லை. ஆனால் இடம் காணாது என்பதும் உண்மைதானே, ஆட்கள் வெயிலில் நின்று தொழுகிறார்களே, அதற்கு என்ன செய்வது என்று கேட்டார்.

வாப்பா அதற்கு ஆயத்தமாக வந்திருந்தார். தெற்குச் சுவரை விட்டுவிடுங்கள், வடக்குச் சுவரைத் தள்ளிக் கட்டுங்கள் என்றார். படிக்கட்டை மூடி அதன்மேல் தரை போட்டால் ஒவ்வொரு வரிசையிலும் இன்னும் சிலர் நிற்கலாம். தண்ணீர் இல்லாத படியால் ஒருவருக்கும் நட்டமில்லை. அதற்கும் சில கிழவர்கள் முகத்தைச் சுளித்தார்கள், மூத்தவர்கள் போட்ட படி என்றார்கள். வாப்பா, அக்கரைக்காரர்கள் அதைக் கேட்டுச் சிரித்ததையும் சொல்லிவிட்டார். மேசன்பாஸ் தெற்கு மூலையில் ஒவ்வொரு மரமும் வேறு வேறு நீளத்தில் வெட்டவேண்டி வரும் என்று முணுமுணுத்தார். ஏலாது என்று சொல்லவில்லை.

படிகளை மூடின நாள் நான் போய்ப் பார்த்தேன். அந்தப் படிகளில் விளையாடி வளர்ந்தவள் நான். மணலைக் கொட்டி, முருகைக்கல்லை உடைத்துப் போட்டு, மேலே சுண்ணாம்பு போட்டார்கள். மேல்படி மட்டும் கடைசிவரை தெரிந்துகொண்டிருந்தது. எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. உம்மாவிடம் சொன்னேன். உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே, ஒன்றை எடுத்தால் ஒன்றைக் கொடுக்கத்தானே வேண்டும் என்றார்.

அந்த நோன்புக்கு முன்னம் நான் பெரியபிள்ளையாகிவிட்டேன். பள்ளிக்குள் இனி நுழைய முடியாது. உம்மாவுக்குப் பக்கத்தில் பாயில் நின்று, கல் யன்னலால் உள்ளே பார்த்தேன். புது ஓட்டின் கீழே மண்டபம் வெளிச்சமாக இருந்தது. வரிசைகள் நீண்டிருந்தன. எங்கள் பக்கம் நீளவில்லை, எப்போதும் போல முழங்கையும் முழங்கையும் இடித்துக்கொண்டுதான் நின்றோம்.

இரண்டாம் நாள் மழை பெய்தது. அப்போதுதான் தெரிந்தது, புதுக்கூரையின் தண்ணீரெல்லாம் அந்த வளைவில் சேர்ந்து நேரே எங்கள் கிடுகின் மேல் கொட்டுகிறது. ஓதல் கேட்கவில்லை, பாய் நனைந்து, முன்வரிசைப் பெண்கள் ஈரச் சேலையோடு நெற்றியைப் பாயில் வைத்து ஸுஜூது செய்தார்கள். காலையில் உம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கொழும்பு மருமகன் வீட்டு வாசலில் போய் நின்றார். வாப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அவருடைய மாமியார் கதிரை போட்டார், உம்மா இருக்கவில்லை.

"தம்பி, சுவரை உட்டீங்க, அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும். இனி தண்ணி ஓட ஒரு பீலியையும் போட்டுத் தாங்க," என்றார்.

அடுத்த மழைக்கு முன்னம் தகரப் பீலி வந்தது. தண்ணீர் மூலையைச் சுற்றிக்கொண்டு போய்த் தென்னை அடியில் விழுந்தது.